தாரைத் தாங்கிய தூசு

தார்ச்சாலையின் வரலாறு பெரும்பாலும் கறுப்புப் பொருளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த ஏரியில் வெட்டினார்கள், எந்த எண்ணெயின் அடிக்கசடு, எந்தக் கம்பெனி விற்றது என்று அந்தக் கதை நகரும். சாலையிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து ஆய்வுக்கூடத்தில் பிரித்தால் வேறு கணக்கு கிடைக்கிறது. எடையில் நூற்றுக்கு 94, 95 பங்கு ஜல்லியும் மணலும் கல்தூசும். பேச்சு வழக்கில் தார் என்று நாம் சொல்லும் பிட்டுமன் ஐந்தோ ஆறோ பங்குதான். அந்தக் கல் பங்கிலும் கடைசியாக நிற்பது, 75 மைக்ரான் சல்லடையிலும் தங்காமல் இறங்கிவிடும் நைந்த பொடி. பொறியாளர்கள் அதை ஃபில்லர் என்பார்கள். சுண்ணக்கல் பொடி, சிமென்ட், நீற்றுச் சுண்ணாம்பு, கிரஷர் தூசு எல்லாம் அந்த வேலைக்கு வந்திருக்கின்றன. கடந்த 150 ஆண்டுச் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், சாலை நின்றதா சிதைந்ததா என்பதில் தாருக்குச் சமமான பங்கு இந்தப் பொடிக்கு இருந்தது தெரிகிறது. சில கட்டங்களில் அதைவிடக் கூடுதலான பங்கும். வரலாற்றில் அது பின்தள்ளப்பட்டதற்கு வணிகமே முதல் காரணம். தாரை விற்க ஆள் இருந்தார்கள், விளம்பரம் இருந்தது, வழக்குகள்கூட நடந்தன. தூசை விற்றுப் பணக்காரரானவர் யாரும் இல்லை.

பழைய காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். மெசொப்பொத்தேமியாவில், யூப்ரடீஸ் கரையிலிருந்த ஹிட் என்னும் ஊரின் ஊற்றுகளில் கிடைத்த இயற்கைப் பிட்டுமனான நிலக்கீலைச் செங்கல் கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார்கள். பாபிலோனின் ஊர்வல வீதியிலும் அது இருந்தது. அகழ்வாய்வில் கிடைத்த துண்டுகளில் நிலக்கீல் தனியாக இல்லை; கனிமப் பொடியும் தாவர நாரும் அதில் கலந்திருக்கின்றன. வெறும் நிலக்கீல் அந்த நாட்டு வெயிலில் இளகி ஓடிவிடும் என்பதைக் கொத்தர்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை. அந்த அறிவு தொடர்ந்து வந்து நவீன சாலைக்குச் சேர்ந்தது என்று சொல்ல மட்டும் ஆதாரம் போதாது. ஐரோப்பா அதைப் புதிதாகத்தான் கண்டது, அதுவும் ஒரு மலைப்பாறையின் வழியாக.

சுவிட்சர்லாந்தின் வால்-டி-திராவெர் பள்ளத்தாக்கில், நிலக்கீல் ஊறிய சுண்ணப்பாறை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எயிரினிஸ் என்ற கிரேக்க மருத்துவர் அதைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். பிரான்சின் செய்செல் பகுதியிலும் அதே வகைப் பாறை. அந்தப் பாறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில்தான் நிலக்கீல். மற்றதெல்லாம் மிக நுண்ணிய சுண்ணம். 1830களில் பாரிஸ் நடைபாதைகளுக்கு அதை உருக்கி ஊற்றினார்கள். பின்னர் 1854இல் பாரிசின் பெர்ஜேர் வீதியிலும், 1869இல் லண்டனின் திரெட்நீடில் வீதியிலும் பாறையைப் பொடித்துச் சூடேற்றி அப்படியே இடித்து இறுக்கிச் சாலையாக்கினார்கள். மனிதன் கலந்த கலவை இல்லை அது. கல்லுக்கும் நிலக்கீலுக்கும் இருக்க வேண்டிய விகிதத்தை இயற்கையே அமைத்து வைத்திருந்தது. ஆகவே அது ஏன் நன்றாக உழைக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. ஈரத்தில் குதிரைகள் வழுக்கி விழுகின்றன என்ற புகார்தான் அதிகம் எழுந்தது.

கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. பெல்ஜியத்திலிருந்து குடியேறிய வேதியியலாளர் எட்மண்ட் டிஸ்மெட், 1870இல் நியூ ஜெர்சியின் நுவார்க் நகரில் நகரமன்றக் கட்டடத்தின் முன்பு மணலும் அஸ்பால்ட்டும் கலந்த ஒரு சாலையை இட்டார். 1876–77இல், ஜனாதிபதி கிராண்ட் காலத்தில், வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் மரக்கட்டைகள் உளுத்துப்போன இடத்தில் ஒரு பகுதிக்கு ஐரோப்பியப் பாறைப்பொடியும் இன்னொரு பகுதிக்கு டிரினிடாட் ஏரி அஸ்பால்ட்டும் போடப்பட்டன. பாறையை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது என்பதால் டிரினிடாட் வென்றது. அந்த ஏரி லா பிரியா என்ற இடத்தில் சுமார் 100 ஏக்கரில் பரந்து கிடக்கிறது; 1595இல் வால்டர் ராலே தன் கப்பல்களின் விரிசலை அதைக் கொண்டு அடைத்தார். ஆம்சி பார்பர் என்ற வணிகர் 1888இல் பிரிட்டிஷ் அரசிடமிருந்து ஏரியை 42 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து அஸ்பால்ட் ராஜா என்று பெயர் வாங்கினார்.

பார்பர் விற்ற பொருள் என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். சுத்திகரித்த டிரினிடாட் அஸ்பால்ட்டில் நிலக்கீல் சுமார் 55 விழுக்காடு. ஏறத்தாழ 36 விழுக்காடு நுண்ணிய களிமண்ணும் சிலிக்காவும். எடை போட்டு வாங்கும் நகராட்சிக்கு, பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குப் போகிறது என்றுதான் தோன்றும். வெனிசுவேலாவின் பெர்முடெஸ் ஏரியில் கிடைத்ததோ ஏறக்குறைய தூய நிலக்கீல். தூய்மைதான் தரம் என்றால் பெர்முடெஸ் டிரினிடாட்டை எளிதில் ஓரங்கட்டியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. டிரினிடாட் மண் உருக்கினாலும் அடியில் படியாமல் நிலக்கீலோடு மிதந்து நிற்கும் அளவுக்கு நுண்ணியது. அந்தக் கலவை தானாகவே விறைப்பாக இருந்தது. தூய நிலக்கீலைப் பயன்படுத்தியவர்கள் அந்த மண்ணுக்கு ஈடாக வெளியிலிருந்து பொடியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அக்கால ஒப்பந்தங்களில் டிரினிடாட் கலவைக்குக்கூட 5 முதல் 15 பங்குவரை சுண்ணக்கல் பொடி கேட்கப்பட்டது. அதாவது, இயற்கை தந்த தூசு போதாமல் மேலும் தூசு போட்டார்கள்.

இதை முறைப்படி ஆராய்ந்தவர் கிளிஃபர்ட் ரிச்சர்ட்சன். 1880களின் பிற்பகுதியில் வாஷிங்டன் நகரத்தின் அஸ்பால்ட், சிமென்ட் ஆய்வாளராக இருந்து, பிறகு பார்பர் தொழிலின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 1905இல் அவர் வெளியிட்ட 'தி மாடர்ன் அஸ்பால்ட் பேவ்மென்ட்' என்ற நூல் அந்தத் துறையின் முதல் பெரிய கணக்குப் புத்தகம். பல நகரங்களின் சாலைத்துண்டுகளைச் சல்லடைவாரியாகப் பிரித்து, நல்ல பரப்புக்கு அவர் வகுத்த அளவு இது: நிலக்கீல் 10.5 விழுக்காடு, அங்குலத்துக்கு 200 கண் உள்ள சல்லடையில் இறங்கும் பொடி 13 விழுக்காடு, மீதியெல்லாம் பல தரத்து மணல். தூசின் எடை நிலக்கீலின் எடையைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். நிலக்கீலின் ஊரைப் பற்றியே உலகம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மணலின் படித்தரமும் பொடியின் நுண்மையும் சரியில்லாவிட்டால் எந்த ஊர் நிலக்கீலும் உதவாது என்று அட்டவணை போட்டுக் காட்டியவர் அவர்.

பொடி என்ன செய்கிறது? ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கல்லின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கல்லை 50 மைக்ரான் பக்கமுள்ள கனசதுரங்களாக உடைத்தால் 80 லட்சம் துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டராகிவிடும். எடை அதே எடை, தார் பூச வேண்டிய பரப்பு 200 மடங்கு. ஒவ்வொரு துகளையும் சுற்றித் தார் மிக மெல்லிய படலமாகப் பிடித்து நிற்பதால், மொத்தத் தாரும் எளிதில் ஓட முடியாமல் விறைக்கிறது. குழம்பில் மாவு கரைத்து ஊற்றினால் கெட்டிப்படுவதுபோல என்று சொல்லிவிடலாம்; ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. மணலுக்கும் ஜல்லிக்கும் இடையிலுள்ள துவாரங்களை இந்தப் பொடிக்கூழ் அடைப்பதால் தண்ணீரும் காற்றும் உள்ளே புகும் வழி குறைகிறது. கோடையில் பாரவண்டிச் சக்கரம் பள்ளம் போடாமல் தடுப்பது விறைப்பு. மழைக்காலத்தில் காப்பது அடர்த்தி. இரண்டும் வேறு வேறு குணங்கள், இரண்டையும் ஒரே பொருள் தருகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். ரிச்சர்ட்சன் டிரினிடாட் வணிகத்தின் சம்பளக்காரர். மண் கலந்த சரக்கை விற்கும் முதலாளிக்காக மண்ணின் பெருமையைப் பாடினார் என்று ஏன் கொள்ளக் கூடாது? கொள்ளலாம். நுண்மண்ணின் கூழ்மத் தன்மை குறித்து அவர் எழுதியவற்றில் விற்பனை வாடை இல்லவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அடுத்து நடந்தது அவர் பக்கம் சாட்சி சொல்கிறது. 1907 அளவில் அமெரிக்காவில் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த அஸ்பால்ட், ஏரி அஸ்பால்ட்டை அளவில் மிஞ்சிவிட்டது. அதில் மண் அறவே கிடையாது. தூசு வெறும் அசுத்தம் என்றால், அந்தக் கணத்திலேயே சாலைத் தொழில் அதிலிருந்து விடுபட்டிருக்கும். நடந்தது நேர்மாறு: ஏரி போனது, தூசு தங்கியது. சுண்ணக்கல் பொடியையும் போர்ட்லண்ட் சிமென்டையும் தனியாக வாங்கிச் சேர்க்கும் வழக்கம் உறுதிப்பட்டது. பார்பரின் ஏகபோகத்தில் உண்மையாகவே மதிப்பிருந்த பகுதிகளில் ஒன்று, எந்தச் சுண்ணக்கல் குவாரியிலும் கிடைக்கக்கூடிய ஒன்றுதான் என்பது அப்போது வெளிப்பட்டது. என் கணிப்பில் அந்த ஏகபோகம் உடைந்ததில் எண்ணெய் ஆலைக்குச் சமமாகக் கல் அரைக்கும் ஆலைக்கும் பங்குண்டு.

வணிகச் சார்பு இல்லாத சோதனை பிரிட்டனிலிருந்து வந்தது. அங்குள்ள சாலை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பி.ஜே. ரிக்டென் 1947இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. உலர்ந்த பொடியைச் சிறு அச்சில் இடித்து இறுக்கினார். எவ்வளவு இறுக்கினாலும் துகள்களுக்கிடையே துவாரம் மிஞ்சும். அந்தத் துவாரத்தை நிரப்பும் தார் சிறைப்பட்ட தார், அது அசையாது. அதற்கு மேல் இருக்கும் தார் மட்டுமே ஓடக்கூடியது. கலவையின் விறைப்பை இந்தக் கணக்கே பெருமளவு தீர்மானிக்கிறது என்றார். சாதாரணக் கல்பொடிகளில் இந்தத் துவாரம் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நீற்றுச் சுண்ணாம்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தொடும். அதனால்தான் ஒரே எடைச் சுண்ணாம்பு, கல்பொடியைவிட அதிகமாக விறைக்க வைக்கிறது. பெயரை வைத்துப் பொடியை ஏற்கவோ தள்ளவோ வேண்டியதில்லை, ஓர் அச்சும் சுத்தியும் தராசும் போதும் என்ற நிலைக்கு விஷயம் வந்தது. அரை நூற்றாண்டு வாதத்தை முடித்த ஆய்வு அது. சாலைத்துறைக்கு வெளியே அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

தூசு நல்லதென்றால் கொட்டிக்கொண்டே போகலாமா என்ற கேள்விக்கு வரலாறு கசப்பான பதிலை வைத்திருக்கிறது. பழைய கலவை ஆலைகளில் ஜல்லியை உலர்த்தும் உருளையிலிருந்து நுண்தூசு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். 1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு, ஆலைகள் துணிப்பை வடிகட்டிகளை மாட்டித் தூசைப் பிடித்தன. பிடித்ததை எங்கே போடுவது? திரும்பக் கலவையிலேயே. அளவு சீராக இல்லாமலும், சில ஆலைகளில் எதிர்பார்த்ததைவிட மிக நுண்ணியதாகவும் வந்த அந்தத் தூசினால், சில சாலைகள் எண்ணெய்ப் பசையாகக் கசிந்தன, சில வறண்டு வெடித்தன. பின்னாளில் சூப்பர்பேவ் என்ற அமெரிக்கக் கலவை வடிவமைப்பு முறை, தூசுக்கும், கல் உறிஞ்சியது போக வேலை செய்யும் தாருக்கும் உள்ள விகிதம் பொதுவாக 0.6 முதல் 1.2 வரை இருக்கட்டும் என்று வரம்பு கட்டியது. தூசின் செல்வாக்கை மறுப்பவர்கள் இந்தத் தோல்விகளை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இவை எதிர்ச்சான்றாகத் தெரியவில்லை. சற்றே கூடிக்குறைந்தால் சாலையையே கெடுக்கும் பொருளை, இடத்தை அடைக்கிற உப்புச்சப்பற்ற சரக்கு என்று எப்படிச் சொல்வது?

இதைவிட மோசமான அத்தியாயம் ஆஸ்பெஸ்டாஸ். 1950, 60களில் அமெரிக்காவில் அதன் குறுநாரைத் தார்க்கலவையில் சேர்த்தார்கள். நார் தாரைப் பிடித்து நிறுத்தியதால் கூடுதல் தார் ஊற்ற முடிந்தது, சாலையும் நெகிழ்வாக நீடித்தது. பொறியியல் கண்ணில் குறை சொல்ல இடமில்லாத சேர்மானம். கலக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கு அது என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகு கைவிடப்பட்டது. ஜெர்மனியில் ஸ்ட்ராபாக் நிறுவனத்தின் ட்ஸிஷ்னர், ஆணி பதித்த பனிக்கால டயர்கள் சாலையை அரைத்துத் தின்பதைத் தடுக்க 1960களில் உருவாக்கிய ஸ்டோன் மாஸ்டிக் கலவையிலும் முதலில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தது. அப்புறம் செல்லுலோஸ் நார் வந்தது. பெரிய ஜல்லிகள் ஒன்றையொன்று முட்டி நிற்க, இடைவெளியைப் பொடியும் தாரும் சேர்ந்த கூழ் அடைக்கும் அந்தக் கலவையில் நுண்பொடி 8 முதல் 12 விழுக்காடுவரை போகும். ஆணி டயரை ஜெர்மனி 1975இல் தடை செய்தது. கலவை மட்டும் உலகெங்கும் பரவி, இன்று இந்தியச் சாலை காங்கிரசின் வழிகாட்டிகளிலும் இடம்பிடித்திருக்கிறது.

இதுவரை சொன்னது பொடியின் உருவமும் அளவும் செய்யும் வேலை. சுண்ணாம்பு அதற்கு மேல் வேதியியல் வேலையும் செய்கிறது. சிலிக்கா மிகுந்த கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் பிடிக்கும். மழை ஊறினால் தார்ப்படலம் உரிந்து ஜல்லி பெயர்ந்துவிடும். தாரிலுள்ள கார்பாக்சிலிக் அமிலங்கள் அப்படிப்பட்ட கல்லோடு கொள்ளும் ஒட்டுறவைத் தண்ணீர் எளிதில் பிரித்துவிடுகிறது. சுண்ணாம்பின் கால்சியம் அந்த அமிலங்களோடு சேர்ந்து நீரில் கரையாத உப்பாக மாறி, தார் கல்லை விடாமல் பற்ற உதவுகிறது; தார் வயதாகி உலர்ந்து வெடிப்பதையும் தாமதப்படுத்துகிறது. ஜல்லி எடையில் 1 முதல் 1.5 விழுக்காடு நீற்றுச் சுண்ணாம்பு போதும். ஜார்ஜியா, நெவாடா போன்ற அமெரிக்க மாநிலங்கள் அதைக் கட்டாயமாக்கியது இதனால்தான். அமீன் வகைத் திரவ மருந்துகள் இதே வேலையை மலிவாகச் செய்யுமே என்பவர்கள் உண்டு. ஒட்டும் வேலையை அவை செய்யலாம். கோடையில் விறைப்பைத் தருவதும் துவாரத்தை அடைப்பதும் திரவத்தால் ஆகாது.

தமிழ்நாட்டுக்கு இந்த வேதியியல் நேரடியாகப் பொருந்தும். சென்னையைச் சுற்றிப் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் கிடைக்கும் பாறை சார்னோகைட். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த கடினப் பாறை. மாநிலத்தின் உட்பகுதிகளில் கிரானைட்டும் நைஸ் வகைப் பாறையும். அழுத்தத்தைத் தாங்குவதில் இவற்றுக்கு ஈடில்லை, ஆனால் எல்லாமே தண்ணீர்ப் பக்கம் சாயும் கற்கள். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் மொத்தமாகக் கொட்டும் ஊரில் இது சிறிய விஷயம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் அரியலூர்ச் சுண்ணக்கல் இருக்கிறது. அதன் பெரும்பகுதி சிமென்ட் ஆலைக்குப் போகிறது.

நம் சாலை பெயர்வதற்குத் தூசையா குற்றம் சொல்வது, வடிகால் இல்லாததும் ரோலர் சரியாக ஓடாததும் கமிஷனும்தானே காரணம் என்று வாசகர் கேட்கலாம். மூன்றும் மெய். தண்ணீர் தேங்கும் சாலையை எந்தச் சுண்ணாம்பும் நெடுநாள் காப்பாற்றாது. ஆனாலும் அந்த மூன்றையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தூசைப் பற்றி ஒப்பந்தக்காரரும் பேசுவதில்லை, மன்றத்தில் கேள்வி கேட்கும் உறுப்பினரும் பேசுவதில்லை. 7 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம் உள்ள மேல்தளத்துக்கு ஒரு கிலோமீட்டரில் சுமார் 650 டன் கலவை ஆகும். அதில் தார் 35 டன் என்றால், நுண்பொடி 30 டன் அளவில் இருக்கும். தாரின் ஒவ்வொரு டேங்கருக்கும் சான்றிதழ் கேட்கிறோம். கிட்டத்தட்ட அதே எடையுள்ள பொடி, கிரஷரில் என்ன விழுந்ததோ அது என்ற கணக்கில் சேர்ந்துவிட முடிகிறது. அதில் களிமண் கலந்திருந்தால் மழைக்கு ஊறி உப்பி, தாரைத் தானே தள்ளிவிடும்.

விதிமுறை இல்லாமல் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, ஃபில்லர் கல்தூசாகவோ நீற்றுச் சுண்ணாம்பாகவோ சிமென்டாகவோ இருக்கலாம் என்கிறது. அதில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் 75 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும், கல்தூசின் களித்தன்மைக் குறியீடு 4ஐத் தாண்டக் கூடாது, நீர்த்தாங்குச் சோதனையில் தேறாத ஜல்லிக்கு எடையில் 2 விழுக்காடு நீற்றுச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. மேலே சொன்ன ஒரு கிலோமீட்டருக்கு அந்தச் சுண்ணாம்பு 12 டன் சொச்சம்தான். உங்கள் ஊரில் அடுத்த சாலை போடும்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுப்பவர்கள், தாரின் தரச்சான்றிதழோடு ஃபில்லரின் சல்லடைச் சோதனை, களித்தன்மைச் சோதனை, நீர்த்தாங்குச் சோதனை ஆகிய மூன்றின் முடிவுகளையும் சேர்த்துக் கேளுங்கள்.